தறிக் கண்ணாடி

தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலையில் ஒரு கோளாறும் இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக இந்த மேற்கு ராஜ வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த நாற்காலி வேண்டாம் டாக்டர், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். கொண்டுவந்த கண்ணாடியை மேஜைமேலேயே வையுங்கள். நீங்கள் மையால் வைத்திருக்கிற இரண்டு புள்ளியும் இங்கிருந்தே தெரிகிறது. வலது கண்ணாடியில் கொஞ்சம் மேலே, இடதில் கொஞ்சம் கீழே. சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள்.

போலீஸைக் கூட்டிக்கொண்டு வராமல் தனியாக வந்தீர்களே, அது உங்கள் பெருந்தன்மை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும்.

பொழுது சாயச் சாய நெற்றியை இழுத்துப் பிடிக்கிற வலி, கிட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வந்தால், அது கண். ஒரு பக்கம் மட்டும் இடித்து, வெளிச்சம் ஆகாமல், வாந்தி எடுத்த பிறகு ஓய்ந்தால் அது ஒற்றைத் தலைவலி. அதற்குக் கண்ணாடி விற்கிறவன் திருடன். குனிந்தால் கன்னத்துக்கு மேலே கனத்தால் சளி. காய்ச்சலோடு பிடரி மடங்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியற்காலையில் வலியே ஆளை எழுப்பிவிட்டு, வெறும் வயிற்றிலேயே வாந்தி எடுத்து, ஒன்று இரண்டாகத் தெரிய ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. மெட்ராஸில் ஒரு கண்ணாடிக் கடையில் ஏழு வருஷம் லென்ஸ் தேய்த்தேன். அங்கே வருகிற டாக்டர்கள் முதலாளியிடம் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் மங்கையர்க்கரசி, தலைவலிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வந்தார்கள். நாலு கேள்வி கேட்டேன். "உங்களுக்குக் கண்ணாடி வேணாம்மா, இன்னிக்கே மெட்ராஸ் பஸ்ஸைப் புடிங்க" என்று அனுப்பினேன். மூளையில் கட்டி. எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் வாழைத்தார் வந்துவிடும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டான், பாவம், என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

கோதண்டபாணியும் நானும் ஐயம்பேட்டையில் ஒரே தெரு. அவனுக்கு அப்பா கிடையாது. என் அப்பாதான் அவனையும் என்னையும் தன் தறியில் பழக்கினார். பட்டுச் சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் இருக்கிறதே, அந்த இரண்டும் சேருகிற இடத்தில் தையல் கிடையாது. இழையோடு இழை கோர்த்து நெய்ய வேண்டும். கோர்வை என்போம். நான் கோர்த்தால் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அவன் கோர்த்தால் விரலால் தடவினாலும் எங்கே கரை தொடங்குகிறது என்று தெரியாது. அப்பா ஒரு நாள் என் கையிலிருந்த, ஊடை இழை ஓட்டுகிற நாடாவை வாங்கி அவன் கையில் கொடுத்தார். "உனக்கு வராதுடா. எழுந்திரு, அவன் ஒக்காரட்டும்" என்றார். எனக்குப் பதினாறு வயசு. மறுவாரம் மெட்ராஸுக்குப் போய்விட்டேன்.

அப்பா சாகிற அன்றைக்கு நான் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாணி வந்தானா?" என்றார்.

பொறாமைதான், டாக்டர். வேறு பெயர் வைத்து மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வது இல்லை. உண்மையாகவே எரியும். மோர் குடித்தால் அடங்காது. அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அதுதான் பெரிய சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு பேரிடம் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவான். வரும்போது சும்மா வரமாட்டான், வறுத்த கடலையாவது ஒரு பொட்டலம் கையில் இருக்கும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தையில் என் மகள் காந்தாவுக்குக் கல்யாணம். கூறைப்புடவை கோதண்டம் மாமாதான் நெய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவனும் இரண்டு மாசம் உட்கார்ந்து நெய்தான். அரக்கு உடம்பு, கிளிப்பச்சைக் கரை. மணவறையில் என் பெண் வந்து உட்கார்ந்ததும் கூட்டமே புடவையைப் பார்த்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். நான் பந்தியில் இலை போடுகிறவனோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து பாத்திரம் எண்ணும்போது என் மனைவி இந்திராணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணுக்கு அப்பா யாருன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. பொடவை யாரு நெஞ்சதுன்னுதான் கேட்டாங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பங்குனியில் அவன் கடைக்கு வந்தான். "கிட்டத்துல இழை மசமசன்னு தெரியுதுப்பா. எனக்கும் வயசாயிடுச்சி போலக்குது" என்றான். வெள்ளெழுத்து. நாற்பத்திரண்டு வயசில் வரவேண்டியதுதான். அவனுக்குத் தறிக் கண்ணாடி செய்தேன்.

தறிக் கண்ணாடி என்பது என் கைச்சரக்கு. நெசவாளி தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் அவன் கண்ணுக்கும் துணிக்கும் எவ்வளவு தூரம் என்று வீட்டுக்கே போய் நூல் பிடித்து அளந்து, அந்தத் தூரத்துக்கென்றே செய்வேன். அதைப் போட்டுக்கொண்டு யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள், வந்தால் தரை தூக்கிக்கொண்டு வரும். அதனால் அது தறிமரத்தில் ஓர் ஆணியில் தொங்கும். உட்காரும்போது மாட்டிக்கொள்வார்கள், எழுந்திருக்கும்போது கழற்றித் தொங்கவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு நாடாவுக்கும் கத்தரிக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு. ஐயம்பேட்டை நெசவாளியிடம் போய் "கண்ணாடி போடுவீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். பொய் இல்லை. அது தறியின் சாமான், அவனுடையது இல்லை. கண்ணாடி போடுகிறவர் என்றால் அவர்களுக்கு அது வாத்தியாரும் வக்கீலும்தான்.

லென்ஸுக்கு ஒரு நடு உண்டு, நீங்கள் மைப்புள்ளி வைத்திருக்கிறீர்களே, அந்த இடம். அந்த நடு கண்பாவைக்கு நேராக வரவேண்டும். வலது நடுவைச் சற்று ஏற்றி, இடது நடுவைச் சற்று இறக்கி வெட்டிவிட்டால், பவர் சரியாகவே இருக்கும். இழை துல்லியமாகத் தெரியும். ஆனால் ஒரு கண் ஒரு பக்கம் இழுக்கும், மற்றது ஒரு பக்கம் இழுக்கும், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க உள்ளே இருக்கிற தசை நாள் முழுக்க மல்லுக்கட்டும். ஆளுக்கு எதுவும் தெரியாது. தலைதான் வலிக்கும். கோதண்டத்தின் கண்ணாடியில் வித்தியாசம் மொத்தம் ஓர் அரிசி நீளம். கை தவறிவிட்டது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொழிலிலும் கை தவறும்.

பத்து நாள் கழித்து வந்தான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "என்னாப்பா தணிகாசலம், உன் கண்ணாடி மாட்டுனதுலேர்ந்து சாயங்காலமானா தலை வலிச்சிக்கினே இருக்குது. எதுனா கோளாறா பாரு. ஊர் கண்ணையெல்லாம் தொறக்கிறவன் கூட்டாளி கண்ணுல மண்ணைத் தூவிடாதே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து அவனிடமே கொடுத்தேன். "புதுக் கண்ணாடின்னா அப்டித்தான். பழகிடும்" என்றேன்.

பழகவில்லை. ஆனால் கண்ணாடியைக் குறை சொல்ல அவனுக்கு வழியும் இல்லை. அது இல்லாமல் இழை தெரியவில்லை. மாட்டினால் ஊசிமுனை மாதிரி தெரிகிறது. தெரிய வைக்கிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்களில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு மட்டும் கோதண்டத்துக்குத் தலைவலி வராது. மாசா மாசம் அப்படித்தான். ஒரு குழந்தை யோசித்தால்கூடப் பிடித்துவிடலாம். அவன் மனைவி அம்சா அதை ஜோசியரிடம் போய்ச் சொன்னாள். சந்திரன் கெட்டிருக்கிறான், சந்திரன் இல்லாத நாளில் அவனால் தொந்தரவு செய்ய முடியவில்லை, அதனால்தான் வலியில்லை என்று அவர் கட்டத்தைக் காட்டினார். திங்கட்கிழமை தோறும் விரதம் இருக்கச் சொன்னார். கோதண்டமும் இருந்தான். தறிக்குழி இருக்கிற மூலை ஆகாது என்று இன்னொருவர் சொன்னார். குழியைத் தூர்த்து எதிர் மூலையில் வெட்டினான். தறி போயிற்று, ஆணி போயிற்று, கண்ணாடியும் புது மூலைக்குப் போயிற்று.

வைத்தியத்துக்கும் குறைவில்லை. இங்கே ஒரு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. மூக்கைப் படம் எடுத்தார்கள், சளி இல்லை. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அம்சா சுக்குப் பற்றுப் போட்டுப் போட்டு நெற்றித் தோல் கறுத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்னிடம் வந்து யோசனை கேட்பாள். "அண்ணா, நீங்க அத்தினி பேருக்குச் சொல்றீங்க, இவருக்கு என்னான்னு சொல்லுங்கண்ணா. எதுனா பெரிய வியாதியா?" என்பாள். "ஒண்ணும் இருக்காதும்மா, தைரியமா இரு" என்பேன். அதிலும் பொய் இல்லை பாருங்கள். அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை.

எழுபதாம் வருஷம் ஆவணியில் மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அழைத்துப்போனது நான்தான். ஊரில் மெட்ராஸ் பழக்கம் உள்ளவன் வேறு யார் இருக்கிறார்கள்? கடையை இரண்டு நாள் மூடினேன். அங்கே பெரிய டாக்டர் நிதானமான மனுஷர். சுத்தியால் முழங்காலைத் தட்டினார், பிடரியை மடக்கிப் பார்த்தார், விளக்கு வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். கடைசியாகக் கேட்டார்: "கண்ணாடி போடற வழக்கம் உண்டா?"

கோதண்டம், "இல்லீங்க" என்றான்.

நான் அவனுக்கு இடதுபக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் முகத்தையும் ஒருதரம் பார்த்தார், கூட வந்தவன் ஏதாவது சொல்வானா என்று. ஜன்னல் பக்கம் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊசியாலேயே ஒரு தலைவலி வந்தது. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் போய்விடும். ஐயம்பேட்டைக்குக் கொண்டுவந்து எட்டு நாள் பாயில் படுக்க வைத்தோம். நான் தினமும் போய் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தினி டாக்டரும் பாத்தாச்சி. நீ ஒர்த்தன்தான் பாக்கி. நீயும் ஒருவாட்டி பாரேன்பா" என்றான். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். "கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றேன். அதுவும் உண்மை.

அந்த ஐப்பசியில் தறிக் கண்ணாடி ஆணியிலிருந்து குழிக்குள் விழுந்து வலது லென்ஸ் உடைந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "உடைஞ்சது உடைஞ்சிடுச்சி, இந்தவாட்டி தலைவலி இல்லாத கண்ணாடியா போட்டுக் குடு" என்று அதற்கும் சிரிப்பு. நான் நினைத்திருந்தால் அன்றைக்கே நடுவைச் சரியாக வைத்து வெட்டியிருக்கலாம். ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. தலைவலி தானாக நின்றிருக்கும், விரதத்துக்குப் பலன் கிடைத்தது என்று அம்சா பொங்கல் வைத்திருப்பாள். உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்து, பழைய நடு எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு அளந்து வெட்டிக் கொடுத்தேன். அன்றைக்குக் காலையில்தான் காந்தாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நாத்தனார் கல்யாணத்துக்கும் கோதண்டம் மாமாதான் புடவை நெய்ய வேண்டுமாம்.

மாத்திரை விஷயம் உங்களுக்குத் தெரியும். பெட்டிக்கடையில் விற்கிற வெள்ளை மாத்திரை. முதலில் சாயங்காலம் ஒன்று. அப்புறம் காலையில் ஒன்று, சாயங்காலம் இரண்டு. கடைசியில் நாளுக்கு எட்டு, பத்து. வேட்டி மடிப்பில் வெற்றிலைப் பொட்டலத்தோடு அதையும் சொருகி வைத்திருப்பான். நான் கண்டித்திருக்கிறேன். "வெறும் வயித்துல போடாதேடா, குடலைத் தின்னுடும்" என்று சொன்னவன் நான் ஒருவன்தான். ஆனால் திங்கட்கிழமை விரதம். விரதமென்று தறியை விட முடியுமா? தறியில் உட்கார்ந்தால் வலி. வலித்தால் மாத்திரை.

இரண்டு வருஷத்தில் அவன் கை தளர்ந்தது. மாசத்துக்கு மூன்று புடவை நெய்தவன் ஒன்றுக்கு வந்தான். கோர்வையில் இழை விட்டுப்போக ஆரம்பித்தது. அப்படி ஒரு புடவையைக் கொண்டுவந்து என்னிடமே காட்டினான். கரை சேருகிற இடத்தில் விரலை ஓட்டினேன். தட்டியது. பல் விழுந்த வாய். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இந்திராணி, "என்னா இன்னிக்கி இப்டி சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

போன மாசம் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே கருப்பாக வாந்தி எடுத்தான். உங்களிடம் கொண்டுவந்தோம். இரைப்பையில் புண், உள்ளுக்குள் ரத்தம் போகிறது, இத்தனை மாத்திரை எதற்காகத் தின்றான் என்று நீங்கள் அம்சாவைக் கேட்டீர்கள். தலைவலி என்றாள். எதனால் தலைவலி என்று கேட்டீர்கள். அவளால் அழத்தான் முடிந்தது. ரத்தம் கொடுக்க நான்தான் முதலில் கையை நீட்டினேன். என் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் காலையில் நீங்கள் நாடி பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் கண்ணைத் திறந்தான். அறையில் அம்சா இருந்தாள், என் மனைவி இருந்தாள், எங்கள் தெரு ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் சொன்னான்: "டாக்டரு ஐயா, இவன் செஞ்சி குடுத்த கண்ணாடி இல்லன்னா நான் ரெண்டு வருசம் முந்தியே தறியை வுட்டு எழுந்திருப்பேன். என்னை இத்தினி நாளு ஒக்கார வெச்சது இவன் கைவேலைதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்திராணி என்னைப் பார்த்த பார்வை, கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா உயிரோடு இருந்து கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு இனித்தது, டாக்டர். உள்ளதைச் சொல்கிறேன். அப்போதுதான் நாடியில் இருந்த உங்கள் விரல் நின்றதைக் கவனித்தேன்.

"கண்ணாடியா? நேத்து கேட்டப்போ போடறதில்லன்னு சொன்னீங்களே?" என்றீர்கள். "அது தறிக் கண்ணாடி ஐயா" என்றான். அடுத்த நாள் விடிவதற்குள் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு நீங்கள் ஐயம்பேட்டைக்குப் போய் ஆணியில் தொங்கிய கண்ணாடியை அம்சாவிடம் கேட்டு வாங்கினீர்கள் என்று தெரிந்ததும், என்றைக்காவது இந்தக் கடைப்படி ஏறுவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

கை தவறியது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? வேண்டாம், அதை எடுத்துவிடலாம். என் கை தவறாது. இந்த இழுப்பறையைப் பாருங்கள். அடியில், பழுப்புக் காகிதத்தில் சுற்றி, 'ஐயம்பேட்டை கோ.' என்று எழுதியிருக்கிறது. பிரித்துப் பாருங்கள். அதே பிரேம், அதே பவர், நடு இரண்டும் மயிரிழை பிசகாமல் பாவைக்கு நேரே. அவன் முதன்முதலில் வந்த அன்றைக்கே இதைத்தான் செய்தேன். செய்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு மற்றதைச் செய்தேன். எவ்வளவு ஏற்றினால் இரண்டாகத் தெரியும், எவ்வளவு ஏற்றினால் ஒன்றாகவே தெரிந்து வலிக்க மட்டும் வலிக்கும் என்று என் கண்ணிலேயே மூன்றுதரம் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். அவனைச் சாகடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவன் கை ஒரே ஒருதரம் தவற வேண்டும், அவ்வளவுதான். தவறின பிறகும் நான் நிறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை இரண்டு வருஷம் இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கொடுக்கத்தான் வைத்திருந்தேன். வாராவாரம் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இருக்கிறதா பாருங்கள். அவன் கேட்கவில்லையே. கேட்டான், மூன்றுதரம் கேட்டான், நானே சொன்னேன், மறக்கவில்லை. ஆனால் மூன்றுதரமும் சிரித்துக்கொண்டே கேட்டான், டாக்டர். மற்றவர்கள் வந்து நிற்பார்களே, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, அந்த மாதிரி ஒரே ஒருதரம் என் எதிரில் நின்று கேட்டிருந்தால், அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன்.